வான்காவின் படுக்கையறையில் எட்டு மாதம்

கேன்வாஸில் பென்சில் கட்டம் போட்டு முடித்த அன்றே ஒரு தவறு செய்துவிட்டேன். அது தவறு என்று புரிய மூன்று வாரம் ஆனது. டச்சு ஓவியர் வான்காவின் 'படுக்கையறை' ஓவியத்தைப் பார்த்து வரைய ஆரம்பித்திருந்தேன். அந்தப் படத்தில் பின்சுவர் கோணலாகப் போகும். இரண்டு மூலைகளும் ஒன்றுபோல் இருக்காது. தரை நம்மை நோக்கிச் சரிந்து வரும். பள்ளியில் படித்த பெர்ஸ்பெக்டிவ் விதிகள் என் கையில் ஊறியிருந்தன. ஸ்கேலை எடுத்து எல்லாக் கோடுகளையும் தூரத்தில் அவை ஒன்றுசேரும் ஒரு மறைபுள்ளிக்கு இழுத்து, சுவரை நேராக்கி, கட்டிலை ஒழுங்காக நிற்க வைத்தேன். அதன் மேல் வண்ணமும் பூச ஆரம்பித்தேன்.

எனக்குச் சொல்லித் தருபவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர். மூன்றாவது வாரம் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "ஏம்மா, இது யார் ரூமு?"

எனக்குப் பதில் வரவில்லை. "அவரு போட்டதைப் பாரும்மா. ரூம் எப்படி இருக்கணும்னு நீ நெனக்கிறதைப் பாக்காதே" என்றார்.

அன்று இரவு உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது. பிரான்ஸின் ஆர்ல் நகரில், பிளாஸ் லாமார்ட்டீன் 2ஆம் எண்ணில் வான்கா வாடகைக்கு இருந்த மஞ்சள் வீட்டில் அந்த அறையின் சுவரே கோணல்தான். அவர் தப்பாகப் பார்க்கவில்லை. நான்தான் பார்க்கவே இல்லை. அந்த வீடு 1944இல் குண்டு விழுந்து அழிந்துவிட்டது, போய் அளந்து பார்க்க வழியில்லை. கேன்வாஸில் இருக்கும் அந்தக் கோணல்தான் அறைக்கு மிஞ்சிய சாட்சி. நான் அதைத்தான் ஸ்கேல் வைத்து அழித்திருக்கிறேன். டர்பன்டைன் தொட்ட துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி கட்டம் போட்டேன்.

இந்தப் படத்தை ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆயில் பெயிண்டிங் கற்க வான்காவைக் காப்பி செய்கிறவர்கள் பெரும்பாலும் 'விண்மீன் இரவு' படத்தில்தான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அது வேண்டாம். அந்தச் சுழல்களில் எந்தத் தவறும் மறைந்துகொள்ளும். எதைக் கற்றோம், எதைக் கற்கவில்லை என்று தெரியாது. 'படுக்கையறை'யில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, ஜன்னல், கண்ணாடி, சில படங்கள், அவ்வளவுதான். பெரிய பெரிய வண்ணப் பரப்புகள். ஒவ்வொரு பரப்பும் பக்கத்துப் பரப்போடு நேருக்கு நேர் நிற்கிறது. தவறு செய்தால் அப்படியே தெரியும். அதோடு வான்கா இந்தப் படத்தைப் பற்றித் தன் தம்பி தியோவுக்கும் நண்பர் காகினுக்கும் 1888 அக்டோபரில் கடிதம் எழுதியிருக்கிறார். எந்தப் பொருளுக்கு என்ன வண்ணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஓவியரே பாடக் குறிப்பு எழுதி வைத்தது மாதிரி.

மூல ஓவியம் ஆம்ஸ்டர்டாம் வான்கா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 72.4 செ.மீ. உயரம், 91.3 செ.மீ. அகலம். நம் கடைகளில் கிடைக்கும் 16×20 அங்குல கேன்வாஸ் ஏறக்குறைய அதே விகிதத்தில் வருகிறது, வெட்டவோ இழுக்கவோ தேவையில்லை. ஆனால் அளவு பாதியை ஒட்டிச் சுருங்குகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். எட்டாம் நம்பர் பிரஷால் கட்டில் காலை இழுத்தால் ஒரே இழுப்பில் கால் முடிந்துவிட்டது. மூலத்தில் அந்த இடத்தில் நாலைந்து கோடுகள் தெரிகின்றன. படம் சுருங்கினால் பிரஷும் சுருங்க வேண்டும். சுவருக்கு ஆறாம் நம்பர், மற்றதற்கு நாலாம் நம்பர் என்று மாற்றிய பிறகே படத்தில் வான்காவின் கைநடை கொஞ்சம் வந்தது. பன்றிமுடி பிரஷ் வாங்குங்கள். மெல்லிய முடி பிரஷ் கெட்டியான பெயிண்ட்டைத் தூக்காது, தடவி வழித்துவிடும்.

மாதிரிப் படத்தை அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். பெரிதாக்கினால் ஒவ்வொரு பிரஷ் கோடும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கலாம். நான் முதலில் ஒரு கடையில் பிரின்ட் போட்டு வாங்கினேன், படம் முழுக்க நீலம் ஏறி வந்தது. கட்டிலின் மஞ்சள் பச்சையடித்திருந்தது. போனிலும் இரவு நேர வெளிச்ச அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் பழுப்பேறித் தெரியும். அதை அணைத்துவிட்டு, ஒரே திரையில், ஒரே வெளிச்சத்தில், பகலில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த தவறு எண்ணெயில். ஆயில் பெயிண்ட் தண்ணீர் வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் (லின்சீட் ஆயில்) காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. எண்ணெய் கூடினால் இறுகும் நேரமும் கூடும். இது தெரியாமல், பிரஷ் வழுக்கிக்கொண்டு போகிறதே என்ற சுகத்தில், சுவரின் முதல் பூச்சிலேயே லின்சீட் ஆயிலைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். மழைக்காலம் வேறு. மூன்று வாரமாகியும் விரல் வைத்தால் ஒட்டியது. பொறுமையில்லாமல் அதன் மேலேயே கட்டிலின் தலைப்பலகையைப் போட்டேன். மேலே இருந்தது முதலில் இறுகிவிட்டது, கீழே இருந்தது இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஆறு மாதத்தில் அந்த மஞ்சளில் மயிரிழை போல வெடிப்புகள். முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து மெலிதாக இருக்க வேண்டும். மேலே போகப் போகத்தான் எண்ணெய் கூட வேண்டும். மாஸ்டர் இதை முதல் நாளே சொன்னார். காதில் விழுந்தது, கையில் இறங்கவில்லை.

எண்ணெய் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அது இறுகும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். எங்கள் மாடி அறையில் மூடி போட்ட ஒரு தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, துணிகளை அதில்தான் போடுகிறேன். அப்புறப்படுத்துவதும் நனைந்தபடியேதான். டர்பன்டைன் திறந்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், வீட்டில் குழந்தை இருந்தால் கட்டாயம்.

குழந்தை என்றதும் என் மகள். அவளுக்கு ஒன்பது வயது. இரண்டாவது முறை போட்ட கோட்டின் மேல் நாற்காலிகளை முடித்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். போனில் இருந்த மூலத்தையும் என் கேன்வாஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, அந்தப் படத்துல நாற்காலிக்குக் கீழே கறுப்பா ஒண்ணும் இல்லையே" என்றாள்.

இல்லைதான். நாற்காலி என்றால் கீழே நிழல் விழும் என்பதால் என் கை தானாகவே நிழல் போட்டிருக்கிறது. வான்கா தியோவுக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தெளிவாகவே சொல்கிறார்: நிழல்களையெல்லாம் எடுத்துவிட்டேன், ஜப்பானிய அச்சுப்படங்களைப் போலத் தட்டையான வண்ணங்களில் தீட்டியிருக்கிறேன் என்று. அந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்திருந்தேன். படித்துமா நிழல் போட்டேன் என்று அன்று முழுக்க மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. நிழல் இல்லாத நாற்காலி எப்படித் தரையில் நிற்கிறது என்று பார்த்தேன். சுற்றிலும் ஒரு வெளிக்கோடு இருக்கிறது. அந்தக் கோடும் பக்கத்து வண்ணமும் சேர்ந்து அதைத் தாங்குகின்றன. நிழலைச் சுரண்டி எடுத்ததும் என் நாற்காலி முன்பைவிட உறுதியாக நின்றது. அறை முழுக்க ஓய்வை உணர்த்த வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அந்த நாட்களில் அவர் கண் களைத்துப் போய் ஓய்வில் இருந்தவர்.

மூன்றாவது இடறல் தலையணை. அதற்கு வெள்ளை எடுத்துப் பூசினேன். மாஸ்டர் ஒரு சாம்பல் நிற அட்டையில் பஞ்சிங் மெஷினால் துளை போட்டுக் கொடுத்தார். "இது வழியாப் பாரும்மா" என்றார். துளையைத் திரையில் தலையணை இருந்த இடத்தில் வைத்ததும் எலுமிச்சைப் பச்சை! வெளிறிய பச்சை கலந்த மஞ்சள். கடிதத்திலும் அப்படியேதான் இருக்கிறது: தலையணையும் விரிப்பும் மிக வெளிறிய எலுமிச்சைப் பச்சை. படத்திலேயே வெள்ளை என்று அவர் சொல்வது ஒரே ஓர் இடம்தான், கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுபவை எதிர்வண்ணங்கள். அந்தக் கறுப்பு–வெள்ளையைப் படத்தின் நான்காவது எதிர்வண்ண ஜோடி என்று காகினுக்கு எழுதுகிறார். நான் தலையணைக்கு வெள்ளை அடித்து அந்தக் கண்ணாடியின் வேலையையே கெடுத்திருக்கிறேன்.

இந்தத் துளை அட்டை போல உபயோகமான ஒரு பொருளை நான் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை. பொருளின் பெயர் மறைந்து வண்ணம் மட்டும் கண்ணில் படும். தலையணை, சுவர், கதவு என்று பெயர் தெரிந்துவிட்டால் மூளை உடனே ஒரு வண்ணத்தை நீட்டிவிடுகிறது. பெயர் தெரியாத ஒரு சின்ன வட்டத்துக்கு அப்படி நீட்ட முடியாது. இப்போது பேலட்டில் கலக்கும்போதும் கத்தி நுனியில் கொஞ்சம் எடுத்து, துளைக்குப் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்த்த பிறகுதான் கேன்வாஸுக்குப் போகிறேன்.

கலப்பதில் இன்னும் இரண்டு விஷயம். சுவருக்கான வண்ணத்தை ஒரே தடவையில், தேவைக்கு மேலேயே கலந்து வையுங்கள். பாதிச் சுவரில் தீர்ந்துபோனால் அதே நிறம் திரும்பக் கிடைக்காது. எனக்குத் தீர்ந்தது. ஜன்னலுக்கு இடப்பக்கம் ஒரு நீலம், வலப்பக்கம் இன்னொரு நீலம். மிச்சமான பெயிண்ட்டைச் சின்ன மூடி டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் பல நாள் தாங்கும். சாப்பாட்டுப் பொருளோடு சேர்க்காமல் தனி டப்பாவாக இருக்கட்டும். அடுத்தது வெள்ளை. நமக்குச் சுலபமாகக் கிடைப்பது டைட்டானியம் வெள்ளை. வான்கா காலத்தில் அது கிடையாது, அவரிடம் இருந்தவை ஈய வெள்ளையும் துத்தநாக வெள்ளையும். டைட்டானியம் மிக அழுத்தமானது, கொஞ்சம் கூடினாலே வண்ணம் சுண்ணாம்பு அடித்தது போல வெளிறிவிடும். மஞ்சளை வெளிறச் செய்ய வேண்டுமென்றால் வெள்ளைக்குப் போகும் முன் எலுமிச்சை மஞ்சளைத் தொட்டுப் பாருங்கள். அவருடைய குரோம் மஞ்சளில் ஈயம் இருக்கிறது, அதைத் தேடிப் போக வேண்டாம். காட்மியம் மஞ்சள் சாயலில் வரும் மாணவர் ரக ட்யூபே போதும்.

கட்டில்தான் எனக்கு ஆயில் பெயிண்ட் என்றால் என்ன என்று காட்டியது. புது வெண்ணெய் நிறம் என்று அவர் எழுதிய அந்த மஞ்சள், மூலத்தில் கெட்டியாக, மரத்தின் போக்கிலேயே இழுக்கப்பட்டிருக்கிறது. நான் பழக்கதோஷத்தில் தடவித் தடவி வழுவழுப்பாக்கினேன், பிளாஸ்டிக் கட்டில் மாதிரி ஆனது. பிரஷில் நிறைய எடு, ஒரு இழுப்பு இழு, துணியில் துடை, மறுபடி எடு. ஈரத்தின் மேல் இரண்டாவது இழுப்பு வரை வண்ணம் சுத்தமாக இருக்கும், மூன்றாவதில் கலங்கிச் சேறாகும். வைத்த கோட்டை விட்டுவிட வேண்டும். விடுவதற்குத்தான் பழக்கம் வேண்டியிருந்தது. ஒரு மாலை முழுக்கக் கட்டிலின் கால்பக்கப் பலகையை மட்டும் ஏழு முறை போட்டேன், ஏழு முறையும் கத்தியால் வழித்தெடுத்தேன். எட்டாவது முறை கை நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அன்று கீழே இறங்கி வந்து சாப்பிட்டபோது இருந்த சந்தோஷத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

காப்பி அடிப்பது கலையா என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். கர்நாடக சங்கீதத்தில் குருவின் பாடாந்தரத்தை அப்படியே பாடிப் பழகாமல் யாரும் மேடை ஏறுவதில்லை. வான்காவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். 1889 இலையுதிர்காலத்தில், சென் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சிலிருந்து எடுத்து வண்ணத்தில் வரைந்தார், அதுவும் இருபது படங்களை ஒட்டி. பீத்தோவனை வாசிக்கிற கலைஞர் தன் விளக்கத்தையும் சேர்த்தே வாசிக்கிறார் அல்லவா, அது போலத்தான் இது என்று தியோவிடம் சொல்கிறார். பிரஷ் விரல்களுக்கிடையே வயலின் வில்லைப் போலப் போகிறது என்றும் எழுதுகிறார்.

அவர் தன்னுடைய 'படுக்கையறை'யையே காப்பி செய்தவர் என்பது இன்னும் நெருக்கமான விஷயம். 1889 தொடக்கத்தில் அவர் மருத்துவமனையில் இருந்தபோது மஞ்சள் வீட்டில் ஈரம் ஏறி, அந்தப் படம் பழுதானது. பாரிஸுக்கு அனுப்பினார். பழுது பார்ப்பதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்துவிடு என்று தியோ அதைத் திருப்பி அனுப்பினார். செப்டம்பரில் அதே அளவில் இரண்டாவதை வரைந்தார், அது இப்போது சிகாகோவில். அம்மாவுக்கும் தங்கைக்கும் கொடுக்க, சின்னதாக மூன்றாவது, அது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் முகங்கள்கூட மாறியிருக்கின்றன. தன் படத்தையே இன்னொரு முறை வரையும்போதும் அவர் புதிதாகத்தான் பார்த்திருக்கிறார்.

பார்த்து வரைந்ததை விற்பதாக இருந்தாலும் பரிசளிப்பதாக இருந்தாலும், பின்புறம் 'வான்காவைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். முன்புறம் அவர் கையெழுத்தைப் போடக் கூடாது. பாரிஸ் லூவ்ரில் அனுமதி வாங்கி வரைகிறவர்களுக்குக்கூட மூலத்தின் அளவிலேயே வரைய அனுமதி இல்லை.

கடைசியில் சுவருக்கு வருகிறேன். துளை அட்டை சுவரை நீலம் என்றது. எந்த இடத்தில் வைத்தாலும் வெளிறிய நீலம்தான். கடிதமோ சுவர் வெளிறிய ஊதா என்கிறது, கதவுகள் லைலாக், அதாவது இளம் ஊதா என்கிறது. ஊதாவை எங்கே விட்டேன் என்று நானும் அட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். மூலத்திலேயே அது இல்லை. அவர் பயன்படுத்திய ஒரு வகைச் சிவப்பு வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும். நீலத்தோடு அதைக் கலந்து ஊதா செய்திருக்கிறார். 130 ஆண்டுகளில் சிவப்பு போய்விட்டது, நீலம் மட்டும் நிற்கிறது. அருங்காட்சியக ஆய்வாளர்கள் பெயிண்ட் துணுக்குகளைப் பரிசோதித்து இதை உறுதிசெய்திருக்கிறார்கள். வான்காவுக்கே இது தெரியும். இந்தப் புது வண்ணங்களெல்லாம் நிலைக்காதவை, அதனால்தான் தைரியமாகக் காட்டமாகவே போட வேண்டும், காலம் எப்படியும் மென்மையாக்கிவிடும் என்று 1888 ஏப்ரலில் எழுதியிருக்கிறார்.

அதுவரை அவர் போட்டதை மாற்றாதே என்பதே என் பாடமாக இருந்தது. இப்போது அவர் போட்டது எது? கேன்வாஸில் இன்று இருப்பதா, கடிதத்தில் இருப்பதா? மாஸ்டரைக் கேட்டேன். "ரெண்டையும் போடு" என்றார். நீலச் சுவரோடு முதல் பிரதியை முடித்தேன். இன்னொரு 16×20 வாங்கினேன்.

இரண்டாவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன், இதை நீங்களும் செய்யலாம். என்னிடம் இருந்த சிவப்பு ட்யூபுகள் ஒவ்வொன்றையும் வெள்ளை கலந்து ஓர் அட்டையில் பட்டையாகத் தீட்டினேன். பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். நான்கு மாதம் கழித்துத் தாளைத் தூக்கியபோது, விலை மலிவான ரோஸ் ஒன்று திறந்திருந்த பக்கத்தில் கிட்டத்தட்டக் காணவே இல்லை. அவருடைய சுவருக்கு நடந்தது என் ஜன்னலில் நடந்திருந்தது. குவினாக்ரிடோன் ரோஸ் அப்படியே இருந்தது. அதையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் நிறைய வெள்ளையோடு கலந்து, பளபளப்பை அடக்கத் துளி மஞ்சள் ஓக்கர் சேர்த்து, சுவரைத் தீட்டினேன்.

சுவர் காய்ந்த பிறகு கட்டிலின் முதல் மஞ்சள் கோட்டை வைத்த அந்த நிமிடத்தைச் சொல்ல வேண்டும். நீலத்துக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் அழகாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் கூச்சலிட்டது. ஊதாவுக்குப் பக்கத்தில் அது அமர்ந்துவிட்டது. மஞ்சளும் ஊதாவும், சிவப்புப் போர்வையும் பச்சை ஜன்னலும், ஆரஞ்சு மேசையும் நீலக் கிண்ணமும், கறுப்பும் வெள்ளையும் என்று அவர் எண்ணிய நான்கு ஜோடிகளும் முதல் முறையாக என் கண்ணுக்கு முன்னால் சேர்ந்து நின்றன. ஓய்வு என்று அவர் எழுதியதை அப்போதுதான் பார்த்தேன்.

முடித்த புதிதில் அந்தப் படத்தை இடமில்லாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் வெளிறிய இடங்களெல்லாம் மஞ்சளடித்துவிட்டன. பயப்பட வேண்டியதில்லை, ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வைத்தால் தெளியும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரம் நிறுத்தினேன், தெளிந்தது. வார்னிஷ் இன்னும் பூசவில்லை, குறைந்தது ஆறு மாதம் உள்ளே இறுகட்டும் என்று விட்டிருக்கிறேன். மகள் அதைத் தன் அறைக்குக் கேட்கிறாள். அந்தச் சோதனை அட்டை மாடி ஜன்னலில் இன்னும் ஒட்டியேதான் இருக்கிறது. மாதம் ஒரு முறை கறுப்புத் தாளைத் தூக்கி, குவினாக்ரிடோன் பட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடுகிறேன்.